காப்பீட்டு அட்டையா, ஆரம்ப சுகாதார நிலையமா: அரசு எதற்கு முதலில் செலவிட வேண்டும்?

3 ஜூன் 2025 – ஒரு வாசகரின் கேள்வி

வளரும் நாடுகளில் அரசே மருத்துவ நிலையங்களை நடத்த வேண்டும் என்று ஏன் இன்னும் வாதிடுகிறோம்? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் மருத்துவரைப் பார்க்க முடிவதில்லை. என் தாயாருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. பக்கத்து ஊரிலுள்ள தனியார் மருத்துவரிடம்தான் காட்டுகிறோம். கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் செலவிடும் பணத்தை ஒவ்வொரு குடும்பத்துக்கும் காப்பீடாகக் கொடுத்துவிட்டால், மக்கள் தமக்கு நம்பிக்கையான இடத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் காப்பீட்டு அட்டை தரும் காலத்தில் ஓட்டுக் கட்டடமும் இரண்டு செவிலியரும் எதற்கு? மறுப்பவர்கள் கொள்கை பேசாமல் நடைமுறையைச் சொன்னால் நன்று.

3 ஜூன், இரவு

நடைமுறையைச் சொல்கிறேன். தென்மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

நீங்கள் சொல்லும் அட்டை, மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் வேலை செய்யும். 2018இல் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டமும் சரி, 2009இல் தமிழ்நாட்டில் தொடங்கி முதலமைச்சர் பெயரில் தொடரும் காப்பீடும் சரி, அடிப்படையில் உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. உங்கள் தாயார் நாள்தோறும் விழுங்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரைக்கு அவற்றில் இடமில்லை. இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்காகத் தம் கையிலிருந்து கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மாத்திரைக்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும்தான் போகிறது என்பதை நினைத்துக்கொண்டால், அட்டை எந்த இடத்தில் நம்மைக் கைவிடுகிறது என்பது விளங்கும். அந்த மாத்திரையைப் பத்தாண்டுகள் ஒழுங்காக விழுங்காதவருக்குப் பக்கவாதம் வந்தால் மட்டும் அட்டை பணம் கொடுக்கும்.

4 ஜூன்

நேற்று எழுதியது பணத்தைப் பற்றியது. அதைவிட முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு.

தனியார் மருத்துவரிடம் வந்தவரின் பெயர் மட்டுமே இருக்கும். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலோ ஒருமுறைகூட நிலையத்துக்கு வந்திராத பெண்ணின் பெயரும் இருக்கும். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்திய அளவுகோல். இந்த எண்களைக் கட்டடத்துக்கான கணக்காகவே பலர் படிக்கிறார்கள். நான் அவற்றைப் பொறுப்பின் எல்லையாகப் படிக்கிறேன். அந்த 5,000 பேரில் யார் கருவுற்றிருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எந்தத் தவணைத் தடுப்பூசி நிலுவையில் இருக்கிறது, எந்த வீட்டுக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்பதைக் கேட்டால் சொல்லியாக வேண்டிய ஒருவர் பெயர் குறிப்பிடப்பட்டு இருக்கிறார். தவணை நாளில் குழந்தை வரவில்லையென்றால் தாய் வேறு ஊருக்குக் களையெடுக்கப் போயிருக்கிறாளா, குழந்தைக்குக் காய்ச்சலா என்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். நோயாளி தானாக வரும்வரை காத்திருக்கும் எந்த மருத்துவ முறையிலும், அது எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், இந்த வேலைக்கு ஆள் கிடையாது.

1946இல் வெளியான, சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கையே ஆரம்ப சுகாதார நிலையம் என்பதை நோய்த்தடுப்பும் சிகிச்சையும் ஒரே கையில் சேரும் இடமாகத்தான் கருதியது. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு நிலையங்கள் எழத் தொடங்கின. தமிழ்நாட்டுக்குக் கூடுதலாக ஓர் அடித்தளம் இருந்தது. 1939இலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து பிரிந்த தனி இயக்ககமும், பொதுச் சுகாதாரத்தில் தனிப் படிப்பு முடித்த அதிகாரிகளின் வரிசையும் இருந்தன. குடிநீரில் குளோரின் இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட அதிகாரி மாவட்டத்தில் இருப்பதற்கும், அறுவை சிகிச்சை அரங்கைக் கவனிக்கும் ஒருவரிடமே அதையும் ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு மழைக்காலத்திலும் காணலாம்.

7 ஜூன்

மதுரையிலிருந்து எழுதும் ஒருவர், "பொறுப்பு இருந்து என்ன பயன், மருந்து இருக்காதே" என்கிறார். என் வாழ்நாள் வேலை இதுதான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் மருந்து எப்போது வரும், எது வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. மேலே யாரோ முடிவு செய்து அனுப்புவார்கள். எங்களுக்குத் தேவையில்லாத டானிக் பெட்டி பெட்டியாக இறங்கும். குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து இருக்காது. ஆயிரம் மாத்திரைகள் கொண்ட டப்பாவைத் திறந்தால் ஐப்பசி ஈரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காகிதத்தில் மடித்துக் கொடுத்த மாத்திரையைப் பெயரில்லாமல், தேதியில்லாமல் மக்கள் வாங்கிச் சென்றார்கள். மருத்துவர் எழுதிய நான்கில் இரண்டை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வதே என் வேலையாக இருந்த மாதங்கள் உண்டு. அப்படிச் சொல்லும்போது எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்ப்பது எளிதன்று. இரண்டு முறை அப்படித் திரும்பியவர் மூன்றாம் முறை வருவதில்லை. மருத்துவரின் திறமை, செவிலியரின் அன்பு எல்லாம் மருந்து கொடுக்கும் அந்தச் சன்னலில் வந்து முடிந்துவிடும்.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது; 1995 சனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. இ.ஆ.ப. அதிகாரி ஆர். பூரணலிங்கம் அதை வடிவமைத்ததில் முதன்மைப் பங்காற்றியவர். முதலில் பட்டியலைச் சுருக்கினார்கள். ஆயிரக்கணக்கான வணிகப் பெயர்களுக்குப் பதிலாக, தேவையான மருந்துகள் மட்டும் அவற்றின் வேதிப்பெயரிலேயே வாங்கப்பட்டன. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் வரும். தகுதி உறையில் தேறாத நிறுவனத்தின் விலை உறையைத் திறப்பதே இல்லை. கிடங்குக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துக் குறியீடு இட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பிறகே எங்களுக்குத் தருவார்கள். அட்டை அட்டையாக வந்த மாத்திரைகளில் அரசு வழங்கல், விற்பனைக்கு அன்று என்று அச்சிட்டிருந்தது. அதனால் கடையில் விற்பது கடினமாயிற்று. வாங்கியவருக்கும் தான் விழுங்குவது இன்னதென்று தெரிந்தது.

எங்கள் அன்றாடத்தை மாற்றியது பாஸ்புக். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று ஒதுக்கீடு; அதற்குள் எதை எவ்வளவு எடுப்பது என்பது நிலையத்தின் முடிவு. மாவட்டக் கிடங்குக்கு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) கொண்டு போனால் எடுத்ததைப் பாஸ்புக்கில் பதிந்து மீதியைக் காட்டுவார்கள். பாம்பு அதிகமுள்ள வட்டாரம் விஷமுறிவு மருந்தைக் கூடுதலாக எடுக்கும், முதியோர் மிகுந்த வட்டாரம் இரத்த அழுத்த மாத்திரையை எடுக்கும். நோயை அருகிலிருந்து பார்ப்பவர் கையில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. வாங்குவது ஒரே இடத்தில் என்பதால் விலை குறைந்தது. பின்னாளில் கேரளமும் இராஜஸ்தானும் இதைப் பின்பற்றித் தம் கழகங்களை அமைத்துக்கொண்டன.

8 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பாஸ்புக் தானாக வேலை செய்யாது. சென்ற ஆண்டு எந்த மாதத்தில் எது தீர்ந்தது என்று மருந்தாளுநரும் மருத்துவரும் உட்கார்ந்து பார்க்காத நிலையங்களில், அதே இண்டென்ட்டைப் படியெடுத்து அனுப்புவார்கள். சனவரியில் நாய்க்கடித் தடுப்பூசி தீர்ந்து போயிருக்கும். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருந்து செவிலியரே சன்னலையும் பார்க்கும் நிலையத்தில் இந்தக் கணக்கைப் போட யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே மருந்துச் சங்கிலியைப் பற்றிப் பேசும்போது, அதன் கடைசிக் கண்ணியில் ஆள் இருக்கிறாரா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

15 ஜூன்

"தமிழ்நாடு விதிவிலக்கு, வேறு எந்த வளரும் நாடும் செய்ததில்லை" என்று வந்த மறுமொழிக்கு: தாய்லாந்தைப் பாருங்கள். காப்பீட்டை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் நாடும் அதுவே என்பதால், அங்கே எது முதலில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தாய்லாந்தின் 30 பாட் திட்டம் 2001இல் தொடங்கி 2002இல் நாடெங்கும் விரிந்தது. ஒருமுறை மருத்துவம் பார்க்க 30 பாட் கொடுத்தால் போதும் என்பதே உலகுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் அதற்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வேறொரு வேலை தொடங்கிவிட்டது. புதிய மருத்துவர்கள் ஊர்ப்புறத்தில் கட்டாயம் பணியாற்ற வேண்டும் என்ற விதி 1970களில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் நகரப் பெருமருத்துவமனைகளுக்கான புதிய முதலீட்டைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தை மாவட்ட மருத்துவமனைகளுக்கும் ஊர்ச் சுகாதார மையங்களுக்கும் திருப்பினார்கள். நகரத்தின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு ஓர் அரசு இதைச் செய்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊர்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் உருவானார்கள். ஊர்ப்புற மருத்துவர்கள் ஓர் இயக்கமாகவே இயங்கினார்கள். 30 பாட் திட்டத்தின் சிற்பி என்று போற்றப்படும் சங்குவான் நித்தயாரும்போங் சீசாகெட் மாநிலத்தின் ராசி சாலாய் என்னும் சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றியவர். அவர் 2008இல் மறைந்தார்.

இவ்வளவும் இருந்ததனால்தான் 2002இல் அட்டை கொடுத்தபோது அதைக் கொண்டுபோய்க் காட்ட ஓர் இடம் இருந்தது. மேலும், அந்த அட்டை விரும்பிய மருத்துவமனைக்கெல்லாம் போகும் உரிமையன்று. பதிவு செய்துகொண்ட, வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்துக்கே முதலில் போக வேண்டும். அந்த வலையமைப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை கிடைத்தது. 2002இல் அது 1,202 பாட். வெளிநோயாளியாக வந்தவரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வராததனால், தேவையில்லாத ஊசிக்கும் சோதனைக்கும் அங்கே தூண்டுதல் குறைவு. காப்பீடு வேண்டுமா, ஆரம்ப சுகாதாரம் வேண்டுமா என்று இந்த இழையின் முதல் கேள்வி இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. தாய்லாந்தில் முன்னது பின்னதின் மேல் கட்டப்பட்டது.

16 ஜூன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர், தம் வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துச் செல்வதை எழுதியிருக்கிறார். நான் 4ஆம் தேதி சொன்ன பொறுப்பின் எல்லைக்கு இலங்கையைவிடப் பழைய சான்று நம் பக்கத்தில் இல்லை. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதார அலகு தொடங்கியது. அன்று வகுத்த அமைப்பே, சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவு என்ற பெயரில் இன்றும் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர். போர்க்காலத்திலும் பொருளாதார நெருக்கடியிலும் இந்த வரிசை முற்றாக அற்றுப் போகவில்லை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை இலங்கை பெற்றதற்கு, காய்ச்சல்காரர் ஒவ்வொருவரையும் தேடிப் பார்க்கும் களப்பணியாளர்கள் இருந்தது பெருங்காரணம்.

29 ஜூன்

இதுவரை எழுதியதில் தாய்சேய் நலமே மேலோங்கி நிற்கிறது. அதில் நம் அமைப்பு தேர்ச்சி பெற்றுவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. இப்போது மக்களை வீழ்த்துவது வேறு நோய்.

என் சன்னலுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். இரத்த அழுத்தம் மிகுதி. சில மாதங்கள் ஒழுங்காக வந்து மாத்திரை வாங்கினார். பிறகு தலைச்சுற்றல் நின்றுவிட்டது. நோயும் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டார். காலை நேரத்தில் சந்தையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்பதும் ஒரு காரணம். அவர் வருவது நின்றது. கருவுற்ற பெண் ஒருத்தி ஒரு தவணை வராமல் போனால் அடுத்த நாளே செவிலியர் அவள் வீட்டு வாசலில் நிற்பார். இந்த மனிதர் வராததைக் கவனித்து ஏனென்று கேட்கும் வேலை அந்நாளில் எவருடைய பணிப்பட்டியலிலும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு அவர் மனைவி சன்னலுக்கு வந்து, ஒருபக்கம் விழுந்துவிட்ட கணவருக்காக மாத்திரை கேட்டார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது அட்டை உதவியது என்று நன்றியோடு சொன்னார். அந்த வீட்டில் மீண்டும் மூட்டை தூக்க ஆளில்லை. காப்பீடா, சுகாதார நிலையமா என்று எவர் கேட்டாலும் என் மனத்தில் எழுவது அந்த அம்மாளின் முகம்தான்.

அது ஒருவருடைய கதை மட்டுமன்று. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த, தொற்றா நோய்களை அளக்கும் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின்படி, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது, நீரிழிவுக்காரர்களில் 10.8 சதவீதத்தினருக்கே சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவமனைகள் நிறைந்த, இலவச மாத்திரை உள்ள மாநிலத்தில் இந்த நிலை.

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த இடைவெளியை நோக்கியது. ஊர்ப் பெண்களையே பயிற்றி, வீட்டுக்கு வீடு அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நிலையத்துக்கு வர இயலாதவருக்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுப்பது அதன் வழி. தடுப்பூசிக்கு நாம் வைத்திருந்த பெயர்ப் பதிவேட்டை நாற்பது வயது ஆணுக்கும் வைப்பது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். எனக்கு இதில் ஒரே ஒரு வற்புறுத்தல் உண்டு. எத்தனை இலட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணை மட்டும் அறிவித்தால் போதாது. சென்ற ஆண்டு பட்டியலில் இருந்தவர்களில் இன்று எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்ற எண்ணை ஒவ்வொரு துணை நிலையமும் சொல்ல வேண்டும்.

30 ஜூன்

நேற்று எழுதிய பிறகு ஒரு கேள்வி விடாமல் நிற்கிறது. இந்த வீட்டுக்கு வீடு நடையை யார் நடக்கிறார்கள்?

எங்கும் பெண்கள்தாம். எத்தியோப்பியா 2003இல் தொடங்கிய சுகாதார விரிவாக்கத் திட்டத்தில், 5,000 பேர் கொண்ட ஒவ்வொரு கெபெலேவுக்கும் (அந்நாட்டின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு) இரண்டு பெண்களைத் தேர்ந்து, ஓராண்டுப் பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளத்தில் அமர்த்தியது. நம்மைவிட ஏழை நாடு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. இந்தியாவில் 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தோடு வந்த ஆஷா பணியாளர்கள் சமூகத் தன்னார்வலர்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள்; செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் மட்டும் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் நான் நேற்றுப் பாராட்டிய திட்டத்தின் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் தன்னார்வலர்கள்தாம், ஊக்கத்தொகைதான்.

என் நிலையத்துக்கு வந்துபோன இப்பெண்களில் ஒருவர், வெயிலில் நடந்து வந்து கருவியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இந்த மாசம் காசு இன்னும் வரல, வீட்டுல கேக்குறாங்க" என்றார். அவர் பட்டியலில் இருந்தவர்கள் அனைவரும் மாத்திரை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாநிலத்தின் இரத்த அழுத்தத்தை இப்படிப்பட்டவர்களின் தோளில் ஏற்றிவிட்டு அவர்களை ஊழியர் என்று ஏற்க மறுப்பது நியாயமன்று. அது நிலைக்கவும் நிலைக்காது. நல்ல வேலை கிடைத்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அவர்களோடு அந்த ஊரின் பெயர்களும் முகங்களும் போய்விடும். புதியவர் மீண்டும் முதல் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

6 ஜூலை

மருத்துவர் ஒருவர் எழுதுகிறார்: "களப்பணியாளரைப் பற்றியே பேசுகிறீர்கள், மருத்துவர் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா?" நடக்காது. பிரேசில் இதற்கு இரண்டு பக்கமும் சான்று தருகிறது.

1987இல் வடகிழக்கு பிரேசிலின் சியாரா மாநிலத்தில் வறட்சி வந்தபோது, நிவாரண வேலையாக ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களைச் சுகாதார முகவர்களாக அமர்த்தினார்கள். வறட்சி முடிந்தும் அவர்களை விடவில்லை. 1991இல் அது தேசியத் திட்டமாயிற்று. 1994இல் முகவர்களோடு ஒரு மருத்துவரையும் செவிலியரையும் துணைச் செவிலியரையும் சேர்த்துக் குடும்பநலக் குழுவாக்கினார்கள். ஒரு முகவருக்கு ஏறத்தாழ 150 குடும்பங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். உடல்நலம் அனைவரின் உரிமை, அரசின் கடமை என்று 1988 அரசமைப்பின் 196ஆம் பிரிவு சொன்னதை நடைமுறையாக்கியவர்கள் இந்த முகவர்கள்.

மருத்துவர்தாம் கிடைக்கவில்லை. அமேசான் பகுதிக்கும் நகரப் புறச்சேரிகளுக்கும் போக உள்நாட்டு மருத்துவர் முன்வராததால் 2013இல் கியூபாவிலிருந்து வரவழைத்தார்கள். 2018 நவம்பரில் அரசியல் பிணக்கினால் கியூபா அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டபோது எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் வெளியேறினார்கள். முகவர்கள் ஊர்க்காரர்கள் என்பதால் இருந்தார்கள். ஆனால் மாத்திரையை மாற்றி எழுதவும் நோயைக் கண்டறியவும் ஆளில்லாமல் பல குழுக்கள் தவித்தன. ஊர்ப்புறத்தில் சில ஆண்டுகள் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு மேற்படிப்பில் முன்னுரிமை என்று தமிழ்நாடு வைத்திருந்த ஏற்பாடு எவ்வளவு அறிவார்ந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். எங்கள் நிலையங்களுக்கு இளம் மருத்துவர்கள் விரும்பி வந்ததற்கு அதுவும் காரணம்.

20 ஜூலை

அரசு மாறினால் திட்டம் என்னாகும் என்ற கேள்விக்கு.

வங்கதேசத்தில் 1998இல் ஏறத்தாழ 6,000 பேருக்கு ஒன்று என்று சமூக மருத்துவ நிலையங்களைத் திட்டமிட்டார்கள். ஊரார் நிலம் கொடுத்தார்கள், அரசு கட்டியது. 2001இல் ஆட்சி மாறியது, நிலையங்கள் மூடப்பட்டன. 2009இல் பழைய ஆட்சி திரும்பிய பிறகுதான் அவை மீண்டும் திறந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டடங்கள் பாழடைந்தன, பயிற்சி பெற்றவர்கள் சிதறினார்கள்.

தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கியது. 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று, ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்த கட்சிகள் மாறி மாறி ஆண்ட காலத்தில் வளர்ந்ததே தவிர, எவரும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓட்டுப் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். மக்கள் தம்முடையது என்று கருதும் அளவுக்கு ஒரு திட்டம் வீடுகளுக்குள் போயிருந்தால்தான் ஆள்பவருக்கு அந்த அச்சம் வரும்.

27 ஜூலை

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, மதியத்துக்கு மேல் மருத்துவர் இல்லை என்ற தம் குறைக்கு இதுவரை எவரும் மறுமொழி சொல்லவில்லை என்கிறார். அவர் சொல்வது நியாயம். பிரசவத்துக்காக மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி இரவு முழுவதும் விளக்கெரியச் செய்த அமைப்பு, வெளிநோயாளிகளை மட்டும் காலையிலேயே வரச் சொல்கிறது. காலையில் வர முடிவது யாரால்? ஜூன் 29ஆம் தேதி நான் எழுதிய சந்தைத் தொழிலாளி, நிலையம் மாலை ஆறு மணிக்குத் திறந்திருந்தால் வந்திருப்பார் என்றே நம்புகிறேன். நீரிழிவும் அழுத்தமும் வேலைக்குப் போகும் வயதினரின் நோய்கள். அவர்களுக்கான நேரம் மாலை. நகரங்களில் சில இடங்களில் மாலைநேர மருத்துவம் நடக்கிறது. ஊர்ப்புறத்தில் வாரத்துக்கு இரண்டு மாலையாவது வேண்டும். அதற்குக் கூடுதல் மருத்துவரும் கூடுதல் ஊதியமும் கொடுக்க வேண்டும். இருப்பவரையே இன்னும் நேரம் நிற்கச் சொல்லக் கூடாது.

நகரத்தைப் பற்றியும் ஒரு சொல். 5,000, 30,000 என்ற அளவுகோல்கள் ஊர்ப்புறத்துக்கு வகுத்தவை. தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் 2013இல்தான் வந்தது. நகர ஓரக் குடியிருப்புகளுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்கள் பழைய இடத்துப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள், புதிய இடத்துப் பதிவேட்டிலும் ஏறியிருக்க மாட்டார்கள்.

3 ஆகஸ்ட்

பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவதாகவும், அதில் மூன்றில் இரண்டு பங்கை ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாகவும் எழுதியது. 2025உம் வந்துவிட்டது. அந்த அளவை எட்டவில்லை. மூன்றில் இரண்டு பங்கு என்ற பகுதியை எவரும் பேசுவதே இல்லை. புதிய மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டும் செய்தி முதல் பக்கத்தில் வருகிறது. துணை நிலையத்தில் காலியாக இருந்த செவிலியர் பணியிடத்தை நிரப்பியது எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடுகிறது. ஊரில் இருப்பவர்கள் அங்கே கேட்கலாம். சென்ற ஆறு மாதங்களில் எந்த மருந்து, எத்தனை நாள் இல்லாமல் இருந்தது? நம் ஊரில் அழுத்தம், சர்க்கரைக்காகப் பதிவானவர்கள் எத்தனை பேர், அவர்களில் சென்ற மாதம் மாத்திரை வாங்காதவர்கள் எத்தனை பேர்? துணை நிலையச் செவிலியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கத்து நிலையச் செவிலியர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறாரா? இவற்றை எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நோயாளிகளின் பெயரைச் சபையில் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும்.

5 ஆகஸ்ட்

கொல்லிமலையில் ஆசிரியராக இருக்கும் வாசகர், 5,000 என்ற எல்லை மலைக்கும் பொருந்துமா என்று கேட்கிறார். மலை, பழங்குடிப் பகுதிகளுக்கு 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே மக்கள்தொகையைவிட நடை நேரத்தைக் கணக்கில் கொள்வதே சரியென்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் செவிலியர் ஒரு குக்கிராமத்துக்குப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுதும் ஆகுமென்றால், 3,000 என்ற எண்ணும் அவருக்குப் பெரிது. உங்கள் பகுதிச் செவிலியரிடம் எந்தெந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.